அம்மாவின் மறதியும் அண்ணாவின் கையிலுள்ள பத்திரமும்

சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா 2016இல் காலமானார். அப்பா வாங்கிய வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் அம்மா அண்ணாவின் குடும்பத்தோடு இருக்கிறார். நான் மணமாகி இரண்டு ஒழுங்கை தள்ளி வசிக்கிறேன். தொற்றுக் காலத்தில் வங்கிக்குப் போய்வர முடியாதிருந்தபோது, 2021இல், அம்மா நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் அண்ணாவுக்கு, தன் சார்பில் அலுவல்களைப் பார்க்கும் அதிகாரத்தைத் தரும் அற்றோர்ணித் தத்துவம் (பவர்) எழுதிக் கொடுத்தார். அப்போது நாங்கள் எல்லோரும் அதற்குச் சம்மதம். 2023இல் அம்மாவுக்கு மறதி நோய் என்று நரம்பியல் நிபுணர் உறுதிப்படுத்தினார். இப்போது சில நாள்களில் என்னையே காலஞ்சென்ற பெரியம்மாவின் பெயர் சொல்லி அழைக்கிறார்.

தைப்பொங்கலுக்குப் போயிருந்தபோது அலுமாரியில் வங்கிக் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. மூன்று நிலையான வைப்புகளில் ஒன்று, 18 இலட்சம் ரூபா, முதிர்வுக்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்தது. “அம்மாவின் செலவுக்குத்தான்” என்றார் அண்ணா. அதற்குமேல் பேச விரும்பவில்லை. சென்ற மாதம் தரகர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துச் சென்றதாக அயலவர் சொன்னார். அம்மாவோ என்னைக் காணும்போதெல்லாம் “என்ர நகையெல்லாம் எடுத்துப் போட்டாங்கள்” என்று அழுகிறார். மறதி வந்த பின்னரும் பவர் செல்லுபடியாகும் என்று லண்டனில் இருக்கும் தங்கை சொல்கிறாள். என் சிநேகிதியோ, அம்மா தெளிவாக இருக்கும் ஒரு நாளில் வேறொரு நொத்தாரிசிடம் கூட்டிச் சென்று, பழைய பவரை இரத்துச் செய்து என் பெயரில் புதிதாக எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். நான் என்ன செய்யவேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழும்பு 6

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் சிநேகிதி சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்களை இன்றே பெரும் சிக்கலில் மாட்டக்கூடிய ஆலோசனை அதுதான் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன். தன் மகளை யாரென்று அடையாளம் காண முடியாத ஒருவரை, காலையில் நன்றாகப் பேசினார் என்பதற்காகக் காரில் ஏற்றிச் சென்று கையொப்பம் வாங்கினால், நாளை நீதிமன்றத்தில் அண்ணாவின் சட்டத்தரணி கேட்கப்போகும் முதற் கேள்வி, 2021இல் மறதி நோய் கண்டறியப்படாத தாயிடம் மகன் பெற்ற பத்திரம் பிழை என்றால், நோய் உறுதியான பின்னர் மகள் பெற்ற பத்திரம் எப்படிச் சரியாகும் என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உங்களிடம் பதில் இராது. ஒரு தெளிவான நாளில் அம்மா தான் செய்வதை முற்றாக விளங்கிக்கொண்டு ஒரு பத்திரத்தை இரத்துச் செய்வது சட்டப்படி சாத்தியமானதே. ஆயினும் அந்தத் தெளிவை அதே நாளில் பரிசோதித்து எழுதித்தரும் மனநல வைத்திய நிபுணர் ஒருவரின் அறிக்கை இல்லாமல் எந்த நல்ல நொத்தாரிசும் அதில் கை வைக்க மாட்டார்.

அடுத்தது லண்டன் தங்கையின் கருத்து. அவர் பொய் சொல்லவில்லை. வேறொரு நாட்டின் சட்டத்தைச் சொல்கிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005ஆம் ஆண்டின் மனத் தகுதிச் சட்டத்தின் கீழ், ஒருவர் தன் புத்தி தெளிவாக இருக்கும்போதே, அது தவறிய பின்னரும் நீடிக்கும் வகையில் ஒரு தத்துவத்தை எழுதி, அதற்கென்று உள்ள அரச அலுவலகத்தில் பதிவு செய்து வைக்கலாம். முறைகேடு என்று யாராவது முறையிட்டால் அதே அலுவலகம் விசாரிக்கவும் செய்யும். அப்படிப்பட்ட ஏற்பாடு நம் நாட்டில் இல்லை. இங்கே நடைமுறையில் இருப்பது 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அற்றோர்ணித் தத்துவக் கட்டளைச்சட்டம். அது 2022இல் திருத்தப்பட்டது. தத்துவம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான உறவுக்கோ, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் வழியாக வந்த ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் முகவர் பற்றிய விதிகள் பொருந்தும். அந்த விதிகளின் அடிப்படை எளியது. முகவர் என்பவர் இன்னொருவரின் கை. அந்த இன்னொருவருக்கே ஒரு காரியத்தைச் செய்யும் மனத்தகுதி இல்லாமற் போனால் அந்தக் கைக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே அம்மா தன் அலுவல்களை விளங்கிக்கொள்ளும் நிலையை எப்போது இழந்தாரோ, அப்போதே அண்ணாவிடம் உள்ள பத்திரமும் உயிரற்றுப் போய்விட்டது.

“அப்படியானால் வங்கி எப்படிப் பணம் கொடுத்தது?” என்று கேட்பீர்கள். வங்கிக்குத் தெரியாதே! 1879இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு இன்றும் இதற்கு மேற்கோள் காட்டப்படுகிறது. கணவன் ஒருவன், தன் மனைவி தன் சார்பில் பொருள் வாங்கலாம் என்று ஒரு சப்பாத்து வியாபாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னர் அவனுக்குப் புத்தி பேதலித்தது. அதை அறியாத வியாபாரி மனைவி கேட்டதையெல்லாம் தொடர்ந்து கொடுத்தார். கணவன் குணமடைந்து வந்து, அந்தக் காலத்தில் மனைவிக்கு அதிகாரம் இருக்கவில்லையே, நான் ஏன் பணம் கட்டவேண்டும் என்று வாதிட்டான். அதிகாரம் முடிந்துபோனது உண்மைதான், ஆனாலும் அதை அறியாத மூன்றாம் ஆளை ஏமாற விட முடியாது என்று கூறி நீதிமன்றம் அவனைக் கடனைக் கட்ட வைத்தது. உங்கள் நிலைமையில் இதன் பொருள் என்ன? வங்கியும் வீட்டை வாங்க வருபவரும் அறியாத வரைக்கும்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. எழுத்தில் அறிவித்த பின்னர் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எனவே உங்கள் கையில் இன்று உள்ள மிக வலுவான கருவி, வைத்திய அறிக்கையின் பிரதியோடு பதிவுத் தபாலில் போகும் ஒரு கடிதம்.

ஆனால் அந்தக் கடிதத்தை நாளைக் காலையே அனுப்பிவிடாதீர்கள். கடிதம் கிடைத்ததும் வங்கி பெரும்பாலும் எல்லாக் கணக்கையும் நிறுத்தி வைக்கும். அம்மாவின் ஓய்வூதியம் வந்து விழும் கணக்கும் அதில் அடங்கலாம். பராமரிக்க வரும் பெண்ணின் சம்பளம், மருந்து, டயபர் என்று மாதந்தோறும் போகும் செலவு ஒரு கிழமைகூடக் காத்திருக்காது. அந்த இடைவெளியை யார் தாங்குவது என்று தீர்மானித்த பின்னரே கடிதத்தை அனுப்புங்கள். அதோடு, நீங்கள் மகளாக இருந்தாலும் அம்மாவின் கணக்கு விபரத்தை வங்கி உங்களுக்குத் தராது. இரகசியம் பேண வேண்டிய கடமை அதற்கு உண்டு. முகாமையாளருடன் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

இனி, நான் எழுதத் தயங்கும் ஒரு விடயம். உங்கள் கடிதத்தில் அண்ணாவுக்கு எதிரான சான்று என்று சொல்லத்தக்கது உடைக்கப்பட்ட வைப்பு ஒன்று, தரகர் வந்த செய்தி ஒன்று, அம்மாவின் கண்ணீர் ஒன்று. மூன்றிலும் உங்கள் மனதை அதிகம் உலுக்குவது கடைசியானது; நீதிமன்றத்தில் மிகக் குறைந்த எடை உள்ளதும் அதுதான். வைத்த இடம் மறந்துபோன பொருளை யாரோ திருடிவிட்டார்கள் என்று நம்புவது மறதி நோயில் அடிக்கடி காணப்படும் அறிகுறி. பெரும்பாலும் கூடவே இருந்து பார்ப்பவர் மீதுதான் அந்தச் சந்தேகம் விழும். அதே சமயம், அறளை பெயர்ந்தவர் சொல்வதையெல்லாம் பிதற்றல் என்று தள்ளிவிடுவதும் அநியாயம், ஏனெனில் மறதி நோயாளரிடம் உண்மையாகவே திருடுபவர்களும் இருக்கிறார்கள், அந்த நோய்தான் அவர்களுக்கு மறைப்பாகவும் அமைகிறது. ஆகவே அழுகையைக் கேட்டுவிட்டு நகையைத் தேடிப் பாருங்கள்: தலையணை உறை, அரிசி வாளி, பழைய கைப்பை, சாமி அறை. கிடைத்தால் ஒரு சந்தேகம் தீரும். கிடைக்காவிட்டால் எந்த நகை, எத்தனை பவுண், கடைசியாக யார் கண்டது, கலியாணப் படங்களில் எது தெரிகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடைவு கடைச் சீட்டு ஏதும் வீட்டில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

18 இலட்சத்தைப் பற்றியும் அவ்வாறே. நான்கு வருடமாக ஒரு முதியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு என்ன செலவாகும் என்பது, இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இருந்து பார்ப்பவருக்கு எளிதில் விளங்குவதில்லை. (கோபிக்க வேண்டாம், நானும் என் தாயை என் தங்கை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இதே பிழையைச் செய்தவன்.) அந்தப் பணம் முழுவதும் அம்மாவுக்கே போயிருக்கலாம். ஆனால் போயிருந்தால் அதற்குக் கணக்கு இருக்கவேண்டும். இன்னொருவரின் பணத்தைக் கையாளும் முகவர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் வைத்து, கேட்கும்போது கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அந்தச் சொத்தைத் தானே வாங்கிக்கொள்வதற்கோ தன் பிள்ளைகளுக்குத் தானம் செய்வதற்கோ, பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டாலன்றி, அவருக்கு உரிமையில்லை. அண்ணாவிடம் நீங்கள் கேட்கவேண்டியது “திருடினாயா?” என்பதல்ல, “2021 முதல் இன்று வரை உள்ள வரவு செலவைக் காட்டுங்கள்” என்பதே. லண்டன் தங்கையையும் சேர்த்து மூவரும் இருக்கும்போது வாயாலும், பின்னர் மரியாதையான ஒரு கடிதத்தாலும் கேளுங்கள். கணக்குக் கேட்பது அவமானப்படுத்துவது என்று நம்மவர்களிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. கோயில் தர்மகர்த்தாவிடம் மட்டும் வருடாவருடம் கேட்கிறோமே!

வீட்டு விடயத்தில் காத்திருக்க வேண்டாம். நம் நாட்டில் அசையாச் சொத்து கைமாறுவதற்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் முன்னிலையில் எழுதப்பட்ட உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், வேண்டும். அது காணிப் பதிவகத்தில் பதியப்படும். எனவே அந்த வீடு பதியப்பட்டுள்ள பதிவகத்தில், ஒரு சட்டத்தரணி மூலமாகவோ நேரிலோ, ஒரு தேடுதல் செய்யுங்கள். விற்பனையோ ஈடோ ஏற்கனவே நடந்திருந்தால் ஏட்டில் தெரியும். இன்னும் நடக்கவில்லையென்றால், அந்தச் சொத்துத் தொடர்பாக ஏதாவது உறுதி பதிவுக்கு வரும்போது உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று கோரும் கேவியற் ஒன்றை அங்கேயே பதிவு செய்யலாம். பத்தரமுல்லையிலுள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் அற்றோர்ணித் தத்துவப் பதிவேட்டையும் தேடிப் பார்த்து, 2021 பத்திரத்தின் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதை நீங்கள் இதுவரை வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். குடும்பங்களில் யாரும் வாசிப்பதில்லை. விற்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா, வங்கி அலுவல்களுக்கு மட்டுமா என்பதைப் பொறுத்து உங்கள் கவலையின் பாதி தீர்ந்துவிடக்கூடும், ஏனெனில் நீதிமன்றங்கள் இத்தகைய பத்திரங்களை எழுத்துக்கு எழுத்து இறுக்கமாகவே வாசிக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள்: வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது? அப்பா வாங்கிய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதி அப்பாவின் பெயரில் இருந்து, அவர் மரணசாசனம் எழுதாமல் காலமாகியிருந்தால், வீட்டில் ஒரு பங்கு பிள்ளைகளாகிய உங்கள் மூவருக்கும் ஏற்கனவே வந்திருக்கும். எத்தனை பங்கு என்பது உங்கள் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பொருந்துமா நாட்டின் பொதுச் சட்டம் பொருந்துமா என்பதைப் பொறுத்தது. எதுவாயினும், அம்மா கொடுத்த தத்துவம் அம்மாவின் பங்கைத்தான் தொடும். உங்கள் பங்கை அண்ணா விற்க முடியாது.

இவையெல்லாம் கதவைப் பூட்டும் வேலை மட்டுமே. அம்மாவின் அலுவல்களை இனி யார் பார்ப்பது என்பதற்கு இலங்கைச் சட்டம் தரும் நேரான வழி, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 556ஆம் பிரிவு முதலாக உள்ள அத்தியாயம். 1889இல் இயற்றப்பட்ட சட்டம் ஆகையால் அதன் மொழி பழையது. “சித்த சுவாதீனமற்றவர்” என்ற சொல்லைக் கண்டு மனம் நோக வேண்டாம். உறவினர் ஒருவர் விண்ணப்பித்தால், அம்மா வசிக்கும் பிரதேசத்துக்குரிய மாவட்ட நீதிமன்றம், அவர் தன் அலுவல்களைத் தானே நடத்த இயலாதவரா என்று விசாரித்து, அவருடைய சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கலாம். வைத்திய அறிக்கைதான் அந்த விசாரணையின் முதுகெலும்பு. அவ்வாறு நியமிக்கப்படுபவர் சொத்து விபரத்தையும் கணக்கையும் நீதிமன்றத்தில் ஒப்படைக்கவேண்டும். வீட்டை விற்பதென்றால் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கவேண்டும். வங்கியும் அவருக்குக் கதவைத் திறக்கும், அந்த 18 இலட்சம் எங்கே போனது என்ற விபரமும் அப்போது தானாகவே வெளியே வரும்.

இந்த வழி அண்ணாவுக்கு எதிரானது என்று நினைக்காதீர்கள். அதிகாரம் முடிந்துபோன பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் பணம் எடுப்பவர், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் ஆபத்தில் நிற்கிறார். அண்ணாவையே முகாமையாளராக நியமிக்கும்படி, உங்களுக்கும் கணக்கின் பிரதி கிடைக்கும் நிபந்தனையோடு, மூவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். நான் கண்ட வரையில் இவ்வாறான பிணக்குகளில் கணிசமானவை இந்த இடத்தில் ஆறிவிடுகின்றன. அண்ணா கணக்கும் காட்டாமல், விண்ணப்பத்துக்கும் உடன்படாமல், வீட்டை விற்க முற்பட்டால் நீங்கள் தனியே விண்ணப்பித்து இடைக்காலத் தடைக்கட்டளை கேளுங்கள்; உறுதி எழுதப்பட்டுவிட்டதென்றால் அதை வெறிதாக்க வழக்குத் தாக்கல் செய்து, வழக்கு நிலுவையில் உள்ளது என்ற அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். அம்மாவின் பணத்தை அண்ணா தனக்கென்று எடுத்திருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 388ஆம் பிரிவு கூறும் நம்பிக்கை மோசடிக் குற்றம் அதற்குப் பொருந்தக்கூடியதே. ஆனால் பொலிசுக்குப் போவது கடைசிப் படி. அந்தப் படியில் ஏறிய குடும்பத்தில், அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அடுத்த நாளே விடை வேண்டும்.

வைத்திய அறிக்கை பற்றி ஒரு சொல். 2023இல் கிடைத்தது நோயின் பெயர். நீதிமன்றத்துக்குத் தேவை, இன்று அம்மா எதை விளங்கிக்கொள்கிறார், எதை விளங்கிக்கொள்ளவில்லை என்பது. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தில் முதியோருக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. “அங்கொடை” என்ற பெயரைக் கேட்டதும் கொழும்புத் தமிழர் முகம் சுளிப்பது தெரியும். அந்தச் சுளிப்பால் சரியான நிபுணரைத் தவறவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். மருதானையில் இயங்கும் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷனும் நினைவாற்றல் பரிசோதனையிலும் குடும்பத்தினருக்கான ஆலோசனையிலும் உதவுகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், உங்களுக்கு இப்போது அவசியமில்லை. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோருக்குப் பராமரிப்புப் பெற்றுத்தர அது உதவும், சொத்தை மீட்டுத் தராது.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் அப்பாவோடு வசிக்கிறேன். அவருக்கு மறதியின் தொடக்க நிலை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கடை வாடகை, வங்கி எல்லாவற்றையும் பார்க்க எனக்குப் பவர் தர விரும்புகிறார். இரண்டு அக்காமார் கனடாவில். நாளைக்கு என்மீது பழி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

ஒரு மகன், கொழும்பு 13

பதில்: தம்பி, முதலில் இது மறதி நோய்தானா என்பதை வடிவாக உறுதிப்படுத்துங்கள். தைரொயிட் குறைபாடு, மனச்சோர்வு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அப்பா மரக்கறி மட்டும் சாப்பிடுபவரானால் பி12ஐ மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.

நோயின் பெயர் வந்தவுடன் ஒருவர் தகுதியை இழந்துவிடுவதில்லை. தான் என்ன எழுதிக் கொடுக்கிறேன், யாருக்கு, எதற்காக என்று அப்பா தன் சொல்லில் சொல்ல முடிந்தால் தத்துவம் எழுதலாம். அதே நாளில் வைத்தியரின் சான்று எடுத்து, அப்பாவுக்கு விளங்கும் மொழியில் பத்திரத்தை வாசித்துக் காட்டச் செய்யுங்கள். வாசிக்கும்போது நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். வாடகை வாங்குவதற்கும் வங்கிக்கும் மட்டும் அதிகாரம் இருந்தால் போதும். விற்கும் அதிகாரம் வேண்டாம். கடையை யாருக்கு விடுவது என்பதை அப்பா இப்போதே மரணசாசனத்தில் எழுதட்டும். அதற்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். மேலே உள்ள பதிலில் சொன்னபடி, அப்பாவின் தெளிவு போகும் நாளில் உங்கள் தத்துவமும் முடிந்துவிடும் என்பதையும், அப்போது மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும் என்பதையும் அக்காமாருக்கு இன்றே எழுத்தில் சொல்லி வையுங்கள்.

பிறகு ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். இடப்பக்கம் வந்த வாடகை, வலப்பக்கம் போன செலவு, பின்னால் ஒட்டிய பற்றுச்சீட்டுகள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அக்காமாரின் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். அவர்கள் பார்க்காமலே விட்டாலும் அனுப்புங்கள்.